கொழுந்து விற்ற காசும் கொல்லை விற்ற காசும்

மலேசியாவின் கேமரன் மலையில், திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜா போகிற வழியில், கோலா தெர்லாவில் சற்று நேரம் நின்றால் போதும், பழைய லேண்ட் ரோவர் ஒன்றாவது கடந்துபோகும். தகரத்தில் பல இடத்தில் ஒட்டு, பின்கதவுக்குக் கயிறு, உள்ளே கூரைவரை முட்டைக்கோஸ் கூடை. ஒரு கம்பெனி சொத்தை விற்றால் வரும் லாப நட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த வண்டியே போதும். அதை வைத்திருக்கிற கம்பெனியின் ஏட்டில் அதன் மதிப்பு பெரும்பாலும் 1 வெள்ளியாகத்தான் இருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு. கம்பெனி அந்த வண்டியை 45 ஆயிரம் வெள்ளிக்கு வாங்கியது. பத்து வருடம் ஓடும் என்று வைத்து வருடத்துக்கு 4,500 வெள்ளி தேய்மானம் எழுதியது. பத்தாம் வருடம் மதிப்பு தீர்ந்தது. ஆனால் வண்டி வாசலில் நிற்கிறது, தினமும் கூடை ஏற்றுகிறது. சொத்துப் பதிவேட்டிலிருந்து அது காணாமல் போய்விடக் கூடாது என்று 1 வெள்ளியை மட்டும் விட்டுவைப்பது இங்கே கணக்கர்களின் வழக்கம். பதினைந்தாம் வருடம் கோலாலம்பூரிலிருந்து பழைய வண்டிப் பிரியர் ஒருவர் வந்து 28 ஆயிரம் வெள்ளிக்குக் கேட்கிறார். கொடுத்துவிட்டார்கள். அந்த வருட லாப நட்டக் கணக்கில் 27,999 வெள்ளி ‘சொத்து விற்பனை லாபம்’ என்று ஏறுகிறது.

விற்ற விலையிலிருந்து விற்பதற்கு ஆன செலவைக் கழிக்க வேண்டும். மிஞ்சியதிலிருந்து ஏட்டு மதிப்பைக் கழிக்க வேண்டும். கூடினால் லாபம், குறைந்தால் நட்டம். சூத்திரம் இவ்வளவுதான், பள்ளிப் பிள்ளை போட்டுவிடும். அந்த 27,999 எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் வேலை. கம்பெனி புத்திசாலித்தனமாக வியாபாரம் செய்து சம்பாதித்த காசா அது? பெரும்பகுதி இல்லை. பத்து வருடமாக வருடத்துக்கு 4,500 வெள்ளி செலவு என்று எழுதினார்கள். வண்டியோ அந்த வேகத்தில் தேயவில்லை. அதிகமாக எழுதிய செலவு, அத்தனை வருடமும் லாபத்தைக் குறைத்துக் காட்டியது. அந்தக் குறை இன்று ஒரே நாளில், ஒரே வரியில் திரும்பி வருகிறது. சொத்து விற்பனை லாபம் என்பது பாதிக்கு மேல் பழைய மதிப்பீடுகளைத் திருத்தி எழுதும் கணக்கு. ஆண்டறிக்கையில் அந்த வரியைப் பார்த்தால் முதலில் ‘எவ்வளவுக்கு விற்றார்கள்’ என்று கேட்காதீர்கள். ‘ஏட்டில் எவ்வளவு இருந்தது, ஏன் அவ்வளவு இருந்தது’ என்று கேளுங்கள்.

ஏட்டில் நட்டம், வரியில் வருமானம்

லேண்ட் ரோவருக்கு அடுத்தபடி லோரி. சந்தைக்குக் காய்கறி இறக்கவோ, தொழிற்சாலைக்குக் கொழுந்து கொண்டுபோகவோ 1 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளிக்குப் புது லோரி வாங்கியாயிற்று. பத்து வருட ஆயுள், வருடத்துக்கு 12 ஆயிரம் தேய்மானம். ஆறு வருடம் கழித்து ஏட்டு மதிப்பு 48 ஆயிரம். மலைச் சாலையும் மழையும் எஞ்சினைத் தின்றுவிட, 40 ஆயிரத்துக்குத்தான் போகிறது. கணக்கில் 8 ஆயிரம் வெள்ளி நட்டம்.

‘நட்டம்தானே, வரி இருக்காது’ என்று முதலாளி நிம்மதியாக இருப்பார். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வருமான வரி வாரியம் கம்பெனியின் தேய்மானத்தைக் கண்டுகொள்வதே இல்லை. அதற்குப் பதிலாக, 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி மூலதனக் கழிவு தருகிறது. லோரி போன்ற வாகனத்துக்கு முதல் வருடம் தொடக்கக் கழிவு 20 சதவீதம், அதோடு வருடாந்தரக் கழிவு 20 சதவீதம். பிறகு ஆண்டுக்கு 20 சதவீதம். நாலே வருடத்தில் முழு 1 லட்சத்து 20 ஆயிரமும் கழிந்துவிடும். ஆறாம் வருடம் விற்கும்போது வரிக் கணக்கில் லோரியின் மிச்சம் சுழியம். சுழியத்துக்கு நிற்கும் பொருள் 40 ஆயிரத்துக்குப் போயிருக்கிறது. ஆகவே ‘நான் உனக்கு 40 ஆயிரம் கூடுதலாகக் கழிவு கொடுத்துவிட்டேன், அதைத் திருப்பிச் சேர்’ என்கிறது வாரியம். ஏட்டில் 8 ஆயிரம் நட்டம் காட்டும் அதே விற்பனை, வரிக் கணக்கில் 40 ஆயிரம் வருமானம். அந்த 8 ஆயிரம் நட்டத்தையும் வரிக்குக் கழிக்க விட மாட்டார்கள். வாங்கி இரண்டு வருடம் ஆவதற்குள் விற்றால் கொடுத்த கழிவு முழுவதையுமே திரும்பக் கேட்கலாம். பழைய லோரியைத் தள்ளிவிட்டுப் புதிது எடுக்கும் முன் கணக்கரிடம் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள்: ஏட்டு மிச்சம், வரி மிச்சம்.

விற்க முடிந்தது எது, முடியாதது எது

கேமரன் மலையில் ஒரு கம்பெனி ‘இந்த நிலம் எங்களுடையது’ என்று சொன்னால் உரிமைப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். கோலா தெர்லா, கம்போங் ராஜா பக்கம் காய்கறித் தோட்டங்கள் பலவும் டி.ஓ.எல். என்று எல்லோரும் சொல்லும் தற்காலிக உரிமத்தில் நீண்ட காலம் நடந்தவை. தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் அந்தக் காலண்டர் ஆண்டு முடிவதற்கு மேல் நீளாது, புதுப்பிக்க வேண்டும். வேறொருவருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. வைத்திருப்பவர் இறந்தால் அதோடு முடிந்தது. எனவே அதில் ‘நிலம் விற்ற லாபம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. விற்க முடிந்தது மேலே நிற்கும் பொருள் மட்டும்: பிளாஸ்டிக் கொட்டகையின் இரும்புச் சட்டம், தண்ணீர்க் குழாய், மருந்தடிக்கும் மோட்டார், வண்டி. ‘தோட்டத்தை விற்கிறேன், எடுத்துக்கொள்’ என்று பெருந்தொகை கேட்பவர் உண்மையில் எதை விற்கிறார் என்று பிரித்துப் பார்த்தால் சில நேரம் இரும்புக் குழாய்தான் மிஞ்சும். உரிமம் புதுப்பிக்கப்படாமல் போனால் அந்தக் கொட்டகையின் ஏட்டு மதிப்பு முழுவதும் நட்டமாக எழுதப்படும். அது விற்காமலே வரும் நட்டம்.

தேயிலைக்கு வந்தால் வேறு நுணுக்கம். ஜே. ஏ. ரசல் 1929-இல் தொடங்கிய போ தோட்டமும், 1933-இல் தொடங்கிய பாரத் தோட்டமும் இன்றுவரை இந்த மலையின் பெரிய பெயர்கள். இப்படிப்பட்ட கம்பெனிகளில் செடி ஒரு சொத்து, கொழுந்து இன்னொரு சொத்து. 2016 ஜனவரி 1 முதல் கணக்கியல் தரநிலைகள் இரண்டையும் பிரித்துவிட்டன. தேயிலைச் செடி பல வருடம் பலன் தந்துகொண்டே நிற்பது. ஆகவே அது தொழிற்சாலை இயந்திரத்தைப் போலவே செலவு மதிப்பில் ஏறி, வருடா வருடம் தேயும். அதன் மேல் துளிர்க்கும் கொழுந்து மட்டும் சந்தை மதிப்பில் வரும். கொழுந்தை விற்பது வியாபாரம். அதன் தொகை விற்றுமுதலில் சேரும். செடியும் நிலமும் தொழிற்சாலையும் விற்பது சொத்து விற்பனை. அது விற்றுமுதலில் சேரவே கூடாது என்று எம்.எஃப்.ஆர்.எஸ். 116 என்ற தரநிலை வெளிப்படையாகச் சொல்கிறது. ‘இதர வருமானம்’ என்ற வரியில்தான் அதைத் தேட வேண்டும்.

பழைய செடியைப் பிடுங்கிப் புதிது நடுவதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். விற்ற விலை சுழியம், பிடுங்கக் கூலி உண்டு, ஏட்டில் மிச்சமிருந்த மதிப்பு அப்படியே நட்டம். மிக வயதான செடிகளுக்கு ஏட்டில் எதுவும் மிச்சமிருக்காது, நட்டமும் வராது. பத்து வருடச் செடியைப் பிடுங்கியிருந்தால் கணக்கில் கட்டாயம் ஒரு நட்ட வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் விசாரிக்கலாம்.

உலகம் பார்த்த தேயிலை விற்பனை

லிப்டன் பெயரை வைத்திருந்த யூனிலீவர், இந்தியா, இந்தோனேசியா, நேபாளம் தவிர மற்ற நாட்டுத் தேயிலை வியாபாரத்தை 450 கோடி யூரோவுக்கு விற்க 2021 நவம்பரில் ஒப்புக்கொண்டு, 2022 ஜூலையில் கைமாற்றியது. அந்த வருட அறிக்கையில் செயல்பாட்டு லாபம் 1,080 கோடி யூரோ. முந்தைய வருடத்தைவிட 23.6 சதவீதம் உயர்வு. தலைப்பைப் பார்த்தவர்கள் கை தட்டியிருப்பார்கள். அதில் 230 கோடி யூரோ தேயிலை வியாபாரத்தை விற்ற லாபம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஏறத்தாழ 850 கோடி. முந்தைய வருடமோ 870 கோடி. உயர்வு போய் லேசான இறக்கமே வந்துவிடுகிறது. இதைக் கம்பெனி மறைக்கவில்லை. ஒருமுறை மட்டும் வருவனவற்றை நீக்கிய லாபம் 0.5 சதவீதம்தான் கூடியது என்று அதே அறிக்கையில் இருக்கிறது. படிக்கிறவர் அந்த இரண்டாவது எண்வரை போக வேண்டும்.

450 கோடிக்கு விற்று 230 கோடி லாபம் என்பதையும் கவனியுங்கள். இடையில் உள்ள 220 கோடி, பெரும்பாலும் ஏட்டில் ஏற்கெனவே நின்ற மதிப்பும் விற்பனையோடு வந்த சரிக்கட்டல்களும். கையில் வந்த பணமும் லாபமும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை ரொக்கப் புழக்க அறிக்கை அழகாகக் காட்டும். மேல் பகுதியில், அன்றாடத் தொழிலில் வந்த ரொக்கத்தைக் கணக்கிடும்போது சொத்து விற்ற லாபத்தைக் கழித்துவிடுவார்கள். கீழே முதலீட்டுப் பகுதியில் விற்ற முழுத் தொகையையும் வரவாகக் காட்டுவார்கள். கழித்ததைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஒரே பணத்தை இருமுறை எண்ணாமலிருக்கவே அந்த ஏற்பாடு. ஒரு கம்பெனி வருடா வருடம் மேல் பகுதியில் ரொக்கம் இழந்து, கீழ்ப் பகுதியில் சொத்து விற்று ஈடுகட்டிக்கொண்டிருந்தால் அது கொல்லையை விற்றுச் சாப்பிடுகிறது.

டாடா டீயின் கதை வேறு மாதிரி. மூணாறில் தமிழர்கள் தலைமுறைகளாகக் கொழுந்து பறிக்கும் தோட்டங்களை 2005-இல் அது தொழிலாளர்கள் பெரும்பான்மைப் பங்கு வைத்த கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் கம்பெனிக்கு மாற்றியது. அடுத்த வருடம் டாடா சன்ஸோடு சேர்ந்து, அமெரிக்காவில் குளிர்பானம் விற்கும் எனர்ஜி பிராண்ட்ஸில் 30 சதவீதப் பங்கை 67.7 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு வருடத்துக்குள் கோகோ கோலா வந்து அந்தப் பங்கை 120 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. தேயிலைக் கம்பெனியின் லாபம் அந்த வருடம் வானத்துக்குப் போனதற்குக் கொழுந்து காரணமில்லை. தவறான வியாபாரம் என்று சொல்ல மாட்டேன், நல்ல வியாபாரம்தான். ஆனால் அடுத்த வருடமும் அதேபோல வரும் என்று நினைத்துப் பங்கு வாங்கியவர் கொழுந்து விலையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரே நிலம், இரண்டு லாபம்

ஆண்டறிக்கை வாசகர்களை அதிகம் குழப்பும் இடம் இது. நிதானமாகப் போவோம்.

இரண்டு கம்பெனிகள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவு நிரந்தர உரிமை நிலத்தை, ஒரே வருடத்தில், தலா 20 லட்சம் வெள்ளிக்கு வாங்கின. முதல் கம்பெனி ஏட்டில் 20 லட்சத்தை அப்படியே வைத்திருக்கிறது. இரண்டாவது, மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டு மறுமதிப்பீடு செய்து, ஏட்டில் 1 கோடியே 80 லட்சமாக ஏற்றிவிட்டது. கூடிய 1 கோடியே 60 லட்சம் லாபத்தில் சேரவில்லை. பங்குதாரர் மூலதனத்தில் ‘மறுமதிப்பீட்டு உபரி’ என்று தனியாக உட்கார்ந்தது. இப்போது இரண்டு கம்பெனியும் ஒரே நாளில் 2 கோடிக்கு விற்கின்றன.

முதல் கம்பெனியின் லாப நட்டக் கணக்கில் 1 கோடியே 80 லட்சம் லாபம். இரண்டாவதில் 20 லட்சம் லாபம். வங்கியில் விழுந்த பணம் இருவருக்கும் அதே 2 கோடி. இரண்டாவது கம்பெனியின் உபரி எங்கே போயிற்று? அது லாப நட்டக் கணக்கைத் தொடாமல், ஐந்தொகைக்குள்ளேயே உபரியிலிருந்து சேமித்த லாபத்துக்கு நகர்த்தப்படுகிறது. மூலதன மாற்ற அறிக்கையில் ஒரு சிறு வரியாக அது தென்படும். அதைப் பார்க்காதவர் ‘முதல் கம்பெனி நிர்வாகம் கெட்டிக்காரர்கள்’ என்று முடிவு கட்டுவார். பழைய தோட்டக் கம்பெனிகள் பல, தாத்தா காலத்து விலையிலேயே நிலத்தை வைத்திருக்கும். அவை விற்கும்போது வெடிக்கும் லாபம் நிர்வாகத்தின் திறமை அல்ல, காலம் சேர்த்துக் கொடுத்தது.

விற்பது என்று நிர்வாகம் தீர்மானித்து, ஒரு வருடத்துக்குள் முடியும் நிலை வந்ததும், அந்தச் சொத்தை ‘விற்பனைக்கு வைத்துள்ள சொத்து’ என்று ஐந்தொகையில் தனியாக எடுத்து வைப்பார்கள். அன்றோடு தேய்மானம் நிற்கும். ஏட்டு மதிப்பைவிடச் சந்தை குறைவாக இருந்தால் நட்டத்தை அப்போதே எழுத வேண்டும். விற்கும் நாள்வரை காத்திருக்க முடியாது. ஆகவே பெரிய நட்டங்கள் பலவும் ‘விற்பனை நட்டம்’ என்ற பெயரில் வருவதில்லை. ‘மதிப்புக் குறைவு’ என்ற பெயரில் முந்தைய வருடங்களிலேயே வந்துவிடும். சைம் டார்பி பிளாண்டேஷன் (இப்போது எஸ்.டி. கத்ரி) தன் லைபீரியத் தோட்டத் தொழிலை 2020-இல் 1 டாலருக்கு, பின்னால் விலையைப் பொறுத்துக் கூடுதல் தொகை என்ற நிபந்தனையோடு, விட்டுவிட்டு வெளியேறியது. இப்படியான விற்பனைகளில் விற்ற வருடத்தின் வரியை மட்டும் பார்த்தால் முழு நட்டம் தெரியாது, முந்தைய அறிக்கைகளையும் புரட்ட வேண்டும்.

தோட்டம் கைமாறும்போது

நிலம் விற்றால் நிலச் சொத்து லாப வரி உண்டு. 1976-ஆம் ஆண்டுச் சட்டம். கம்பெனிக்கு முதல் மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 சதவீதம், நான்காம் வருடம் 20, ஐந்தாம் வருடம் 15, ஆறாம் வருடம் முதல் 10. தனிமனிதக் குடிமக்களுக்கு ஆறாம் வருடம் முதல் இல்லாத வரி கம்பெனிக்கு உண்டு என்பதைக் குடும்ப நிலத்தைக் கம்பெனி பேரில் போட்டவர்கள் மறக்கக் கூடாது. நிலத்தை அடிக்கடி வாங்கி விற்றால் ‘இது உங்கள் தொழில்’ என்று சாதாரண வருமான வரிக்கே கொண்டுபோய்விடுவார்கள். 2024 மார்ச் முதல், பட்டியலில் இல்லாத கம்பெனியின் பங்குகளை ஒரு கம்பெனி விற்றாலும் மூலதன லாப வரி வந்துவிட்டது. கணக்கில் காட்டும் விற்பனை லாபம் இந்த வரிகளுக்கு முந்தையது. வரி கீழே வேறு வரியில் நிற்கும்.

தொழிலாளர் இழப்பீடும் அப்படித்தான். தோட்டம் கைமாறும்போது, புது முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை தர முன்வராவிட்டால், 1980-ஆம் ஆண்டு வேலைநீக்கப் பலன் விதிகளின்படி தொகை கொடுக்க வேண்டும்: இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், ஐந்து வருடத்துக்குக் குறைந்தால் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். இது ‘விற்பனைச் செலவு’ அல்ல, ஊழியர் செலவு என்பது கணக்கியலின் நிலை. ஆகவே சொத்து விற்பனை லாபம் கொழுத்துத் தெரியும், இழப்பீடு இன்னொரு மூலையில் கிடக்கும். தோட்டத்தை விற்றதன் உண்மையான பலன் வேண்டுமென்றால் இரண்டையும் நீங்களே எடுத்துக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

ஏட்டில் வராத கணக்கும் உண்டு. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். இருவர் ஏட்டிலும் லாபம். லயத்தில் இருந்தவர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டிய பணத்தில் தோட்டங்களை வாங்கத் தொடங்கியது இந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். இன்று 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்க, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். இந்த அனுமதி நிலுவையில் இருக்கும்போது விற்பனை முடிந்ததாக லாபத்தை ஏற்றியிருந்தால், அது அவசரம். முன்பணம் வாங்கிய நாளும் நிலம் கைமாறிய நாளும் வேறு.

காகிதங்களை எங்கே தேடுவது

புர்சா பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் வேலை சுலபம். விற்பனையின் அளவு கம்பெனியின் 5 சதவீத வரம்பைத் தொட்டால் அறிவிப்பு வெளியிட வேண்டும். 25 சதவீதம் தொட்டால் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும். வாங்கிய விலை, வாங்கிய தேதி, ஏட்டு மதிப்பு, எதிர்பார்க்கும் லாபம், பணத்தை எதற்குச் செலவிடப் போகிறார்கள் என்பதெல்லாம் அந்த அறிவிப்பில் இருக்கும். 2021 டிசம்பரில் பூஸ்டெட் பிளாண்டேஷன்ஸ் தன் கூலாய் யங் தோட்டத்தை ஒய்.டி.எல். பவர் குழுமத்துக்கு 42 கோடியே 88 லட்சம் வெள்ளிக்கு விற்பதாகச் சொன்னபோது வந்த அறிவிப்பை இணையத்தில் எடுத்துப் படித்தால், மேலே சொன்ன இந்த விவரங்கள் வரிசையாகக் கிடைக்கும். பயிற்சிக்கு அது நல்ல காகிதம். எண்ணெய்ப்பனை நின்ற இடத்தில் இப்போது தரவு மையங்கள்.

கேமரன் மலைத் தேயிலைக் கம்பெனிகள் தனியாருடையவை. அவற்றின் கணக்கை எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் கட்டணம் கட்டி வாங்கலாம். இருபது பேருக்கு மிகாத தனிமனிதப் பங்குதாரர்களைக் கொண்ட விலக்குப் பெற்ற தனியார் கம்பெனி மட்டும் கணக்குக்குப் பதிலாகச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகலாம். நீங்களே பங்குதாரர் என்றால் அந்த விலக்கு உங்களைத் தடுக்காது. கணக்காண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் நிதி அறிக்கை உங்கள் கைக்கு வர வேண்டும்.

வந்ததும் நேராகப் பின்பக்கக் குறிப்புகளுக்குப் போங்கள். நிலம், கட்டடம், இயந்திரம், செடி பற்றிய அட்டவணையில் ‘விற்றவை’, ‘எழுதித் தள்ளியவை’ என்று இரண்டு வரி இருக்கும். விற்றவற்றின் நிகர ஏட்டு மதிப்பை, ரொக்கப் புழக்க அறிக்கையில் உள்ள விற்பனை வரவிலிருந்து கழித்தால் இதர வருமானக் குறிப்பில் உள்ள லாபம் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லையா, பணம் இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தமாகலாம், கடனுக்கு விற்றிருக்கலாம். பிறகு ‘உறவுத் தரப்பு’ குறிப்பைப் புரட்டுங்கள். தொழிற்சாலைக்குப் பக்கத்து நிலம் இயக்குநரின் மைத்துனருக்கு ஏட்டு மதிப்பிலேயே போயிருந்தால் லாபமும் இருக்காது, நட்டமும் இருக்காது, கணக்கு வரியே மௌனமாக இருக்கும். அந்த விலையை யார் மதிப்பிட்டார்கள், எந்தத் தேதியில் மதிப்பிட்டார்கள் என்று பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.